சீன மருத்துவத்தின் பார்வையில் முதுமையும் உடல்நலத்தின் அறிகுறிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மரபு மருத்துவம் முதுமையை எப்படி விளக்குகிறது, ஒருவர் நலமாக இருக்கிறார் என்பதை அந்த மருத்துவர் எவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார் என்ற இரு கேள்விகளைச் சுற்றியே இந்தப் பக்கம் அமைந்துள்ளது. இங்குள்ள பதில்களில் பெரும்பாலானவை ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற மூலநூலைத் தழுவியவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பல கைகளால் எழுதப்பட்டுத் தொகுக்கப்பட்ட அந்த நூல் ‘சு வென்’, ‘லிங் ஷூ’ என இரு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் 81 அத்தியாயங்கள். மஞ்சள் பேரரசர் ஹுவாங்டி கேட்க, மருத்துவ ஆசான் ச்சி போ விடையளிப்பதாகவே அதன் பெரும்பகுதி செல்கிறது. ஆகவே இந்தப் பொருளைக் கேள்வியும் பதிலுமாக எழுதுவது அந்த நூலின் மரபுக்கே ஒத்தது.

சீன மருத்துவம் முதுமையை ஒரு நோயாகக் கருதுகிறதா?

கருதுவதில்லை. ‘சு வென்’ நூலின் முதல் அத்தியாயமே இதைத் தெளிவுபடுத்துகிறது. முற்காலத்து மக்கள் நூறு வயதைக் கடந்தும் தளராமல் நடமாடினார்கள் என்று கேள்விப்படுகிறேன், இக்காலத்தவரோ ஐம்பதிலேயே தளர்ந்துவிடுகிறார்கள், காலம் மாறிவிட்டதா அல்லது மனிதர்கள் வழி தவறிவிட்டார்களா என்று பேரரசர் கேட்கிறார். முற்காலத்தவர் உண்பதிலும் குடிப்பதிலும் அளவறிந்து, எழுவதிலும் உறங்குவதிலும் ஒழுங்கு காத்து, வீணாக உடலை வருத்தாமல் வாழ்ந்ததால் உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பிரியாமல் இயற்கை தந்த ஆண்டுகளை முழுவதும் வாழ்ந்து முடித்தார்கள் என்று ச்சி போ விடை சொல்கிறார். இக்காலத்தவர் மதுவைத் தண்ணீர்போலக் குடித்து, ஆசைக்கு உயிர்ச்சத்தைச் செலவழித்து, நேரம் காலமின்றி எழுந்து உறங்குவதால் பாதி வழியிலேயே தேய்ந்துபோகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த விடையில் ‘இயற்கை தந்த ஆண்டுகள்’ என்பதே அடிப்படையான கருத்து. சீன மொழியில் அதனைத் ‘தியன் நியன்’ என்பார்கள். உடலுக்கென்று ஓர் இயல்பான எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வரும் தளர்ச்சி நோயன்று, அந்த எல்லைக்கு முன்பே வரும் தளர்ச்சியைத்தான் மருத்துவர் தடுக்க முயல வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு எழுபதின் நடை வந்துவிட்டால் அது மருத்துவரின் கவலை. எழுபது வயதுக்காரருக்கு எழுபதின் நடை வருவது அப்படிப்பட்டதன்று.

ஜிங், ச்சி, ஷென் என்று மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. அவை எவற்றைக் குறிக்கின்றன?

ஜிங் என்பது உயிர்ச்சத்து. அதில் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து பிறக்கும்போதே வருவது. மறுபகுதி உண்ணும் உணவிலிருந்து நாள்தோறும் சேர்வது. ச்சி என்பது உடலை இயக்கும், சூடாக வைத்திருக்கும், காக்கும் ஆற்றல். ஷென் என்பது உயிர்ப்பு. கண்ணின் ஒளியிலும் பேச்சின் தெளிவிலும் முகத்தின் மலர்ச்சியிலும் வெளியே தெரிவது. பிறவியில் வந்த ஜிங் ஒரு வைப்புத்தொகையைப் போன்றது. அதைக் கூட்ட முடியாது, சிக்கனமாகச் செலவிட முடியும், நல்ல உணவாலும் உறக்கத்தாலும் அன்றாட வருவாயைச் சேர்த்து அந்த முதலைத் தொடாமல் காக்க முடியும். முதுமை என்பது இந்த முதல் மெல்லக் கரைவதே என்பது இம்மருத்துவத்தின் விளக்கம்.

பெண்களுக்கு ஏழு, ஆண்களுக்கு எட்டு என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே?

அதுவும் ‘சு வென்’ முதல் அத்தியாயத்தில் உள்ளதுதான். பெண்ணின் வாழ்வு ஏழு ஏழு ஆண்டுகளாகவும் ஆணின் வாழ்வு எட்டு எட்டு ஆண்டுகளாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் உடலில் என்ன தெரியும் என்று சொல்லப்படுகிறது.

பெண்ணுக்கு 7 வயதில் சிறுநீரகத்தின் ச்சி பெருகிப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன, கூந்தல் நீள்கிறது. 14 வயதில் ‘தியன்குய்’ என்னும் இனப்பெருக்கச் சத்து வந்து சேர, மாதவிலக்கு தொடங்குகிறது. 21 வயதில் ஞானப்பல் முளைக்கிறது. 28 வயதில் எலும்பும் தசைநாரும் உறுதியின் உச்சத்தை அடைகின்றன, கூந்தல் அதன் முழு நீளத்தை எட்டுகிறது. 35 வயதில் முகம் வாடத் தொடங்கி முடி உதிர ஆரம்பிக்கிறது. 42 வயதில் முகம் முழுவதும் வாடி முடி நரைக்கத் தொடங்குகிறது. 49 வயதில் தியன்குய் வற்றி மாதவிலக்கு நிற்கிறது.

ஆணுக்கு 8 வயதில் பற்கள் மாறுகின்றன. 16 வயதில் தியன்குய் வருகிறது. 32 வயதில் தசைகள் நிறைந்து உறுதிப்படுகின்றன. 40 வயதில் சிறுநீரகத்தின் ச்சி குறைந்து முடி உதிர்ந்து பற்கள் பொலிவிழக்கின்றன. 48 வயதில் முகம் வாடிக் காதோர முடி நரைக்கிறது. 56 வயதில் கல்லீரலின் ச்சி தளர்ந்து தசைநார்கள் விறைக்கின்றன. 64 வயதில் பற்களும் முடியும் போகின்றன.

கணக்கின் துல்லியத்தைவிட அதில் கவனிக்கப்பட்டுள்ளவற்றைப் பாருங்கள். பல், முடி, முகத்தின் பொலிவு, மூட்டின் அசைவு ஆகிய நான்குமே எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிபவை. மாதவிலக்கு நிற்கும் வயதை 49 என்று அக்காலத்தில் குறித்திருப்பது, இன்றைய மருத்துவம் சொல்லும் சராசரி வயதான ஏறத்தாழ 50 அல்லது 51க்கு மிக அருகில் உள்ளது. பெண்களை நெருங்கிக் கவனித்த பலருடைய அனுபவம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

அப்படியானால் 49க்கும் 64க்கும் பிறகு உடலில் நலம் என்று ஒன்று இல்லையா?

பேரரசரும் இதே கேள்வியைக் கேட்கிறார். வயது முதிர்ந்தும் பிள்ளை பெறுபவர்கள் இருக்கிறார்களே என்கிறார் அவர். இயற்கை அவர்களுக்கு அளந்த அளவு மற்றவர்களைவிடக் கூடுதல், அவர்களுடைய நாடிகள் இன்னும் திறந்திருக்கின்றன, சிறுநீரகத்தின் ச்சியில் மீதம் இருக்கிறது என்று ச்சி போ பதில் சொல்கிறார். ஆகவே எண்கள் விதியாகச் சொல்லப்படவில்லை, பொதுவான போக்காகவே சொல்லப்பட்டுள்ளன. தியன்குய் வற்றுவது பிள்ளை பெறும் ஆற்றலின் முடிவு மட்டுமே. உயிர்ப்பின் முடிவு அன்று.

பத்துப் பத்து ஆண்டுகளாகச் சொல்லும் இன்னொரு கணக்கும் உண்டா?

உண்டு. ‘லிங் ஷூ’ நூலின் 54ஆம் அத்தியாயத்தில் அது உள்ளது. முதல் கணக்கைவிட இது எனக்கு நெருக்கமானது. ஏனென்றால் இது மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், உட்காருகிறார்கள் என்பதைக் கொண்டே வயதைச் சொல்கிறது. பத்து வயதில் ச்சி உடலின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் பிள்ளைக்கு ஓடப் பிடிக்கும். இருபதில் விரைந்து நடக்கப் பிடிக்கும். முப்பதில் நிதானமாக நடக்கப் பிடிக்கும். நாற்பதில் எல்லா உறுப்புகளும் நிறைவை எட்டியிருந்தாலும் தோலின் இறுக்கம் தளர்ந்து, முடியில் நரை கலந்து, உட்காரப் பிடிக்கும். அறுபதில் படுத்திருக்கப் பிடிக்கும்.

இடையில் ஐம்பதில் தொடங்கி உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஐம்பதில் கல்லீரல் தளர்ந்து பித்தநீர் குறைய, கண் மங்குகிறது. அறுபதில் இதயம் தளர, மனம் காரணமின்றித் துயரத்தில் ஆழ்கிறது. எழுபதில் மண்ணீரல் தளர, தோல் உலர்கிறது. எண்பதில் நுரையீரல் தளர, பேச்சில் அடிக்கடி பிழை நேர்கிறது. தொண்ணூறில் சிறுநீரகம் வறள்கிறது. நூறில் ஐந்து உறுப்புகளும் வெறுமையாகி, உயிர்ப்பு நீங்கி, உடல் மட்டும் எஞ்சி முடிகிறது.

அறுபதில் வரும் துயரத்தைப் பற்றி ஒரு சொல். முதியவர் மனம் கலங்கி அழும்போது அதனைக் குணக்கேடு என்றோ பிடிவாதம் என்றோ இந்த நூல் சொல்லவில்லை. கண் மங்குவதைப் போல, தோல் உலர்வதைப் போல, அதையும் உடலின் ஒரு மாற்றமாகவே வரிசையில் வைக்கிறது. முதியவர்களோடு வாழ்பவர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்திருந்தால் பல வீடுகளில் கோபம் குறையும்.

சீன மருத்துவர் ‘சிறுநீரகம்’ என்று சொல்வது நாம் அறிந்த சிறுநீரகத்தைத்தானா?

முழுவதும் அன்று, இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். சீன மருத்துவத்தில் உறுப்பின் பெயர் ஒரு செயல் தொகுப்பின் பெயர். சிறுநீரகம் பிறவிச் சத்தான ஜிங்கைச் சேர்த்து வைக்கும் இடம். எலும்பும் மஜ்ஜையும் அதன் பொறுப்பு. அதன் வாசல் காது. அதன் பொலிவு தலைமுடியில் தெரியும். பல் எலும்பின் எச்சம் எனப்படுவதால் பல்லும் அதைச் சேர்ந்ததே. எனவே காது மந்தமாகி, பல் ஆடி, முடி நரைத்து, இடுப்பும் முழங்காலும் வலித்து, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும் முதியவரிடம் ‘சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது’ என்று மருத்துவர் சொன்னால், அவர் சொல்வது முதுமையின் ஒரு தொகுப்பைப் பற்றி. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகக் கோளாற்றைக் காட்டும் கிரியாட்டினின் அளவு கூடியிருக்கும் என்பது அதற்குப் பொருளன்று. அதேபோல, உண்மையான சிறுநீரக நோயை நாடி பார்த்து மட்டும் கண்டறியவும் முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும்.

முதுமைக்கு மண்ணீரல் முக்கியம் என்றும் சொல்கிறார்களே?

சிறுநீரகம் பிறவிக்கு முந்தைய வேர், மண்ணீரல் பிறவிக்குப் பிந்தைய வேர் என்று மிங் காலத்து மருத்துவர் லீ ஜோங்ஸி 1637ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மண்ணீரல் என்பது இங்கே செரிமானத்தின் பெயர். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, போரும் பஞ்சமும் நிறைந்த காலத்தில் வாழ்ந்த லீ டோங்யுவான் (1180–1251), பெரும்பாலான நோய்கள் வயிறும் மண்ணீரலும் கெடுவதால் வருகின்றன என்று ஒரு தனிக் கொள்கையையே வகுத்தார். முதியவருக்குப் பிறவிச் சத்தாகிய முதல் குறைவது தவிர்க்க முடியாது. உணவால் சேரும் வருவாய் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் முதியவரைப் பார்க்கும் சீன மருத்துவர் பசி எப்படி, உணவில் ருசி தெரிகிறதா, மலம் எப்படிப் போகிறது என்று துருவித் துருவிக் கேட்கிறார்.

முகத்தைப் பார்த்து நலத்தை எப்படி அறிகிறார்கள்?

நிறத்தைப் பார்ப்பதில்லை, நிறத்துக்குள் இருக்கும் ஒளியைப் பார்க்கிறார்கள். ‘சு வென்’ 17ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஓர் அரிய பட்டியல் இருக்கிறது. சிவப்பு வெண்பட்டில் சுற்றிய சாதிலிங்கம் என்னும் செந்நிறக் கனிமம்போல இருக்க வேண்டும், காவிக்கல்போல இருக்கக் கூடாது. வெண்மை வாத்தின் இறகுபோல இருக்க வேண்டும், உப்புப்போல இருக்கக் கூடாது. நீலப்பச்சை மெருகேற்றிய ஜேடு கல்போல இருக்க வேண்டும், அவுரிச் சாயம்போல இருக்கக் கூடாது. மஞ்சள் மெல்லிய துணியில் சுற்றிய மனோசிலை என்னும் கனிமம்போல இருக்க வேண்டும், மஞ்சள் மண்போல இருக்கக் கூடாது. கருமை பலமுறை பூசிய அரக்குப்போல இருக்க வேண்டும், சாம்பல் படிந்த மண்போல இருக்கக் கூடாது.

இந்த ஐந்து இணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கருத்து விளங்கும். நல்ல நிறங்கள் அனைத்திலும் ஒரு மெருகும், பலவற்றில் ஒரு மெல்லிய திரையும் இருக்கின்றன. நிறம் உள்ளிருந்து துணி வழியே கசிவதுபோல வருகிறது. கெட்ட நிறங்கள் அனைத்தும் உலர்ந்தவை, வெளியே அப்படியே பூசியவை. தோலின் இயல்பான நிறம் எதுவாக இருந்தாலும் இந்த அளவுகோல் பொருந்தும். வறண்டு மங்கிய முகம், இளையவருடையதாக இருந்தாலும், மருத்துவரை எச்சரிக்கும். சுருக்கம் விழுந்த முகத்தில் மெருகு இருந்தால் அவர் ஆறுதல் அடைவார். ஷென் இருப்பவர் செழிப்பார், ஷென் இழந்தவர் அழிவார் என்ற அந்நூலின் புகழ்பெற்ற கூற்றுக்குப் பொருளும் இதுவே.

நாடி பார்க்கும்போது என்ன நடக்கிறது?

மேசையின் மீது ஒரு சிறு தலையணை இருக்கும். அதன் மீது உங்கள் மணிக்கட்டை உள்ளங்கை மேலே தெரியுமாறு வைக்கச் சொல்வார்கள். மருத்துவர் முதலில் நடுவிரலைக் கட்டைவிரல் பக்கத்து மேட்டெலும்புக்கு நேராக வைத்து, அதற்கு இருபுறமும் சுட்டுவிரலையும் மோதிரவிரலையும் இறக்குவார். அந்த மூன்று இடங்களுக்குச் சுன், குவான், ச்சீ என்று பெயர். முதலில் தோலைத் தொட்டும் தொடாமலும், பிறகு சற்று அழுத்தி, பிறகு எலும்பு வரை அழுத்தி என மூன்று ஆழங்களில் பார்ப்பார். பிறகு அடுத்த கை. இவ்வளவு நேரமும் அவர் பேசமாட்டார், உங்களையும் பேச விடமாட்டார்.

அவர் தம் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதே அந்த அமைதிக்குக் காரணம். கடிகாரம் இல்லாத காலத்தில் அளவுகோல் மருத்துவரின் சொந்த மூச்சே. மூச்சை விடும்போது இரண்டு துடிப்பு, இழுக்கும்போது இரண்டு துடிப்பு, இடையில் சில சமயம் ஒன்று கூடி ஐந்து என்றால் அது நலமுள்ளவரின் நாடி என்று ‘சு வென்’ 18ஆம் அத்தியாயம் சொல்கிறது. நோயாளியின் துடிப்பை அளக்கும் மருத்துவர் தாம் நலமாக இருந்தால்தான் அந்த அளவு சரியாக வரும் என்பதையும் அதே அத்தியாயம் வலியுறுத்துகிறது.

முதியவரிடம் மோதிரவிரலுக்குக் கீழே உள்ள ச்சீ நாடிக்குத் தனி மதிப்பு உண்டு. மனிதனுக்கு ச்சீ நாடி மரத்துக்கு வேர் போன்றது, கிளையும் இலையும் காய்ந்திருந்தாலும் வேர் இருந்தால் மீண்டும் துளிர்க்கும் என்று ‘நான் ஜிங்’ என்னும் பழைய நூல் சொல்கிறது. ஆழ அழுத்தும்போதும் அங்கே துடிப்பு கிடைத்தால், மெலிந்த முதியவரைப் பற்றியும் மருத்துவர் நம்பிக்கையோடு பேசுவார்.

நாக்கு எப்படி இருந்தால் நலம்?

வெளிர் சிவப்பு நிறமும், மெல்லிய வெண்மையான மேற்படிவும், ஈரமும், தடையின்றி அசையும் தன்மையும் இருந்தால் நலம். வயதானவர்களுக்கு நாக்கில் சிறு வெடிப்புகளும் மேற்படிவுக் குறைவும் இயல்பாகவே இருக்கலாம். காப்பி குடித்துவிட்டும் வெற்றிலை போட்டுவிட்டும் நாக்கைக் காட்டினால் எந்த மருத்துவருக்கும் சரியாகத் தெரியாது.

உடலின் தோற்றத்திலும் நடையிலும் எதைக் கவனிக்கிறார்கள்?

இதற்கும் 17ஆம் அத்தியாயத்திலேயே ஒரு பகுதி உண்டு. அங்கே உடலின் பாகங்கள் மாளிகைகளாகச் சொல்லப்படுகின்றன. தலை தெளிவின் மாளிகை. தலை தொங்கிக் கண் குழிந்தால் உயிர்ப்பு நீங்கப்போகிறது. முதுகு மார்பின் மாளிகை. முதுகு வளைந்து தோள் சரிந்தால் அந்த மாளிகை இடிகிறது. இடுப்பு சிறுநீரகத்தின் மாளிகை; திரும்ப முடியாவிட்டால் சிறுநீரகம் களைத்துவிட்டது. முழங்கால் தசைநார்களின் மாளிகை. மடக்கி நீட்ட முடியாமல் குனிந்து எதையாவது பற்றிக்கொண்டு நடந்தால் தசைநார் களைத்துவிட்டது. எலும்பு மஜ்ஜையின் மாளிகை. நெடுநேரம் நிற்க முடியாமல் நடக்கும்போது உடல் ஆடினால் எலும்பு களைத்துவிட்டது.

இன்றைய முதியோர் மருத்துவத்தில் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் சில மீட்டர் நடப்பதற்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு ஒருவருடைய வலுவை அளக்கிறார்கள். அளக்கும் முறை வேறானாலும், எழுந்து நடப்பதை உற்றுப் பார்த்தால் முதியவரின் நிலை தெரியும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

எண்பது வயதிலும் முகம் சிவந்து, நன்றாகச் சாப்பிடுபவர் முழு நலம் உள்ளவர்தானே?

இந்தக் கேள்விக்கு நேரடியான விடை சுங் காலத்து நூல் ஒன்றில் உள்ளது. சிங்ஹுவா மாவட்ட அதிகாரியாக இருந்த சென் ஜீ, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதிய பெற்றோரைப் பேணுவதற்கென்றே ‘யாங்லாவ் ஃபெங்ச்சின் ஷூ’ என்ற நூலை எழுதினார். எழுபதைக் கடந்தவர் மெலிந்து தளர்ந்திருப்பதே இயல்பு. அப்படியின்றி முகம் சிவந்து, பசி மிகுந்து, நாடி பெருத்து வேகமாக இருந்தால் அது ‘வெறுமையான யாங்’, அதாவது அடித்தளம் இல்லாத உடற்சூடு, மேலெழுந்து உடலை நிரப்பியிருப்பதால் வருவது என்கிறார் அவர். அதை நீண்ட ஆயுளின் அறிகுறியாகவே கொள்கிறார். ஆனால் அத்தகையவருக்கு அவ்வப்போது தாகமும் சூடும் மலச்சிக்கலும் வரும்போது, இளைஞருக்குத் தருவதுபோலக் கடுமையான குளிர்ச்சி மருந்தைத் தந்து அணைத்துவிடக் கூடாது, லேசான கஷாயங்களால் மெல்லத் தணிக்க வேண்டும் என்று எச்சரிக்கிறார். ஒரே அறிகுறிக்கு முப்பதில் ஒரு பொருளும் எண்பதில் வேறொரு பொருளும் உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பழைய நூல்கள் குறைவு. இக்காலத்தில் அப்படிப்பட்டவருக்கு இரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நரையைக் கறுப்பாக்கும் ஹே ஷோ வூ என்ற வேரைச் சாப்பிடலாமா?

அந்தப் பெயருக்கே ‘ஹே என்பவரின் கறுத்த தலை’ என்று பொருள். அந்த வேரைச் சாப்பிட்ட ஒருவருக்குக் கறுத்த முடியும் நெடிய ஆயுளும் கிடைத்ததாக டாங் காலத்திலிருந்து ஒரு கதை வழங்குகிறது. ஆனால் இந்த வேரால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன; சீன அரசின் உணவு மருந்து நிர்வாகமே 2014ஆம் ஆண்டில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தலை நரைப்பது நோயன்று. அதற்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் வாங்கிய பொடியை யாரிடமும் கேட்காமல் மாதக்கணக்கில் சாப்பிடுவது எந்த மரபிலும் மருத்துவம் ஆகாது.

முதியவர்கள் பரவலாகச் சாப்பிடும் லியூவெய் டிஹுவாங் மாத்திரை முதுமைக்காகவே உருவானதா?

இல்லை, குழந்தைகளுக்காக உருவானது. சுங் காலத்துக் குழந்தை மருத்துவர் ச்சியன் யீயின் நூலில் (1119) இது முதன்முதலாகக் காணப்படுகிறது. ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் பழைய மருந்து ஒன்றிலிருந்து சூடு தரும் இலவங்கப்பட்டை வகையையும் வத்சநாபி வகை வேரையும் நீக்கிவிட்டு, மீதமிருந்த ஆறு சரக்குகளைக் கொண்டு, உச்சிக்குழி மூடத் தாமதமாகும் பிள்ளைகளுக்கு ச்சியன் யீ கொடுத்தார். பிறவிச் சத்து இன்னும் நிறையாத குழந்தைக்கும் அது கரைந்துவரும் முதியவருக்கும் குறை ஒரே இடத்தில் இருப்பதாகப் பிற்கால மருத்துவர்கள் கண்டதால் மருந்து கைமாறியது. ஆயினும் எல்லா முதியவருக்கும் இது பொருந்தாது. கை கால் சில்லிட்டு, வயிறு மந்தமாக இருப்பவருக்கு இது பசியை மேலும் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது.

உணவு, உறக்கம், உடற்பயிற்சி பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்?

சென் ஜீயின் விதி எளிமையானது: முதலில் உணவால் சரிசெய்து பார், அது போதாவிட்டால் மட்டும் மருந்துக்குப் போ. முதியவரின் உணவு சூடாகவும் நன்கு வெந்ததாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும், பிசுபிசுப்பானதும் கடினமானதும் குளிர்ந்ததும் கூடாது என்றார் அவர். டாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ், நிறைந்த வயிற்றில் கொஞ்சம் பசியும் பசித்த வயிற்றில் கொஞ்சம் நிறைவும் எப்போதும் இருக்கட்டும் என்றார். உண்டபின் மெல்ல நடந்து, கையால் வயிற்றைத் தடவிவிடச் சொன்னார். உறக்கத்தைப் பருவத்தோடு இணைத்தது ‘சு வென்’: வசந்தத்தில் தாமதமாகப் படுத்து அதிகாலையில் எழுந்து, கூந்தலைத் தளர்த்திவிட்டு முற்றத்தில் உலவ வேண்டும், குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, வெயில் வந்த பிறகே எழ வேண்டும்.

பயிற்சிக்குப் பழமையான சான்று ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துயி என்னுமிடத்தில் கிடைத்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1970களில் அகழ்ந்தபோது, ஆண்களும் பெண்களுமாக 44 பேர் பயிற்சி செய்யும் பட்டு ஓவியம் வெளிப்பட்டது. பிற்காலத்தில் ஹுவா துவோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சியை வகுத்தார். உடலுக்கு உழைப்பு வேண்டும், ஆனால் களைத்துப்போகும் அளவுக்கு வேண்டாம், சுழலும் கதவின் கீல் உளுத்துப்போவதில்லை என்று அவர் தம் மாணவர் வூ பூவிடம் சொன்னார். வூ பூ தொண்ணூறைக் கடந்தும் காதும் கண்ணும் தெளிவாக, பற்கள் முழுமையாக இருந்தார் என்று வரலாற்று நூல் குறிக்கிறது. நலத்துக்குச் சான்றாக அந்த நூல் தேர்ந்தெடுத்தவை காது, கண், பல் ஆகிய மூன்றும்தான்.

இன்றைய சீன நகரங்களின் பூங்காக்களில் விடியற்காலையில் இந்த மரபைப் பார்க்கலாம். மெல்ல அசைந்து செய்யும் தைச்சியும், எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின் பயிற்சியும் செய்யும் கூட்டத்துக்கு அருகில், ஒருவர் இடுப்பளவு உயரமுள்ள தூரிகையைத் தண்ணீரில் நனைத்துக் கல்தரையில் எழுத்துகளை எழுதிக்கொண்டிருப்பார். மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி காய்ந்து மறைந்திருக்கும். குனிந்து, இடுப்பைத் திருப்பி, மூச்சோடு கையை இணைத்து எழுதும் அந்த வேலை முதியவருக்கு முழுமையான பயிற்சி.

இவற்றுக்கு அறிவியல் சான்று உண்டா?

ஒன்றுபோல இல்லை. தைச்சி முதியோர் கீழே விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பாய்வு, விழுவோரின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. ஜிங், ச்சி போன்றவற்றை எந்தக் கருவியாலும் அளந்ததில்லை. நாடியைப் பார்த்து வெவ்வேறு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வருவதும் எளிதன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இம்மரபின் சொற்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அது பதிவுக்காகச் சேர்க்கப்பட்டது, சிகிச்சை பயனுள்ளது என்ற சான்றிதழ் அன்று. கூர்ந்து கவனிப்பதற்கான ஒரு மொழியாக இம்மருத்துவத்தை நான் மதிக்கிறேன். மூலிகைகளைப் பொறுத்தவரை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

சாகாமை தரும் மருந்து பற்றிய சீனக் கதைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இரண்டும் வேறு. சாகாமையைத் தேடியவர்கள் இரசவாதிகள். பாதரசமும் சாதிலிங்கமும் கலந்த அவர்களுடைய மருந்துகளை உண்டு டாங் பேரரசர்கள் சிலர் உயிரிழந்தனர். மருத்துவ மரபு கேட்டது தியன் நியன் மட்டுமே.

வீட்டிலுள்ள பெரியவரிடம் நாமே எவற்றைக் கவனிக்கலாம்?

கண்ணில் ஒளி இருக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் வருகிறதா, விரும்பிச் சாப்பிடுகிறாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, போன மாதத்தைவிட நடை மாறியிருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். மெல்ல வரும் மாற்றத்துக்கு வயது காரணமாக இருக்கலாம். திடீரென வரும் மாற்றத்துக்கு வயதைக் காரணம் காட்டக் கூடாது. ஒரே நாளில் பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, நாடி பார்க்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் எந்த மூலிகையையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறது சென் ஜீயின் நூல்வழி வந்த மரபு. முதியவரின் மனம் எளிதில் நோகும், தனிமையை உணர்ந்த கணத்திலேயே அது புழுங்கத் தொடங்கிவிடும் என்கிறது அது. அவருக்குப் பிடித்தது புத்தகமோ, ஓவியமோ, வளர்ப்புப் பறவையோ, எதுவாக இருந்தாலும் தேடிக் கொண்டுவந்து கண்ணெதிரே வையுங்கள், பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும், அவரைத் தனியே உட்கார விடாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு அது எழுதி வைத்திருக்கிறது.